ஞானாம்பிகையைத் தூக்க வேண்டாம்

சங்குவேலியில் ஞானாம்பிகையைத் தூக்காதவர்கள் குறைவு. இரண்டரை வயதில் வந்த காய்ச்சல் கால்கள் இரண்டையும் வாங்கிக்கொண்டு போனபிறகு, முதலில் அப்பா தூக்கினார். அவர் கண்ணை மூடியபின் அண்ணன் மார்க்கண்டு தூக்கினான். கோயில் தேருக்கும் கலியாண வீட்டுக்கும் போனால் அங்கே நிற்கிற யாராவது தூக்குவார்கள். தூக்கியவர்களில் ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவர்களுக்கு வசதிப்பட்ட நேரத்தில்தான் அவள் போகலாம். அவர்கள் இறக்கிவிட்ட இடத்தில்தான் இருக்கலாம். ஒருமுறை கலியாண வீடொன்றில் பந்தி முடிந்து, பாய் சுருட்டி, பந்தலும் பிரிக்கத் தொடங்கிய பிறகும் அவள் சுவரோரம் அப்படியே இருந்தாள். அண்ணன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்டான். அன்றிலிருந்து கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்திக்கொண்டாள்.

எட்டாம் வகுப்புவரை படித்தாள். ஒன்பதாம் வகுப்பு மாடியில் இருந்தது. வகுப்பு மாடிக்குப் போக, அவள் வீட்டுக்கு வந்தாள். கையால் சுழற்றும் தையல் மெஷின் ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்தார். பதினைந்து வருஷம் அதைச் சுழற்றிச் சுழற்றி அவளுடைய கைகள் தோட்டக்காரனின் கைகளைப்போல முறுகிப் போயின. அந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டைகளில் பாதி அவள் தைத்தது. வாயும் கைக்குச் சளைத்ததல்ல. சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் சொன்ன நாளுக்கு முன்னால் வந்து கேட்கப் பயப்படுவார்கள்.

தொண்ணூறாம் ஆண்டு சண்டை மறுபடி தொடங்கியது. வீட்டுக்கு வீடு பங்கர் வெட்டினார்கள். மார்க்கண்டுவும் கிணற்றடியில் ஒன்று வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண் மூட்டை போட்டான். விமானச் சத்தம் கேட்டால் அவன் எங்கிருந்தாலும் ஓடிவந்து தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே இறங்குவான். ஒருநாள் அவன் தோட்டத்தில் நின்றான். வீட்டில் அவன் மனைவி குணலட்சுமி மட்டும் கைக்குழந்தையோடு இருந்தாள். விமானம் தாழப் பதிந்து வந்தது. குணலட்சுமி ஒரு கையில் பிள்ளையை அணைத்தபடி, மறுகையால் ஞானாம்பிகையை முற்றத்தில் இழுத்தாள்.

"என்னை விட்டிட்டுப் போங்கோ மச்சாள்" என்றாள் ஞானாம்பிகை.

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?"

"பிள்ளையைக் கொண்டு போங்கோ. நான் வாறன்."

குணலட்சுமி விடவில்லை. குண்டு எங்கோ சண்டிலிப்பாய்ப் பக்கம் விழுந்தது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முழங்கை இரண்டும் தோலுரிந்து, சீலை முழுக்க மண்ணாகி, பங்கரின் வாசலில் கிடந்தபோது ஞானாம்பிகைக்கு வந்தது பயமில்லை, கோபம். தன்னால் அந்தத் தாயும் பிள்ளையும் வெளியில் நின்றார்கள் என்ற கோபம். மாலையில் மார்க்கண்டு வந்ததும் சொன்னாள்.

"அண்ணை, எனக்கு ஒரு வண்டி வேணும். இனி என்னை ஒருத்தரும் தூக்க வேண்டாம்."

கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சில்லு வண்டிகள் இருக்கின்றன என்பது அவளுக்குத் தெரியும். அரசாங்கம் அப்படியான வண்டிகளை நடக்க ஏலாதவர்களுக்குக் கொடுக்கப் போகிறது என்று ஊரின் அரசாங்க அலுவலரான விதானையார் சொன்னது அதற்குப் பிந்திய கதை. அவர் கொண்டுவந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தாள். சில மாதம் கழித்து, நேரில் வரும்படி அழைப்பு வந்தது.

யாழ்ப்பாணப் பட்டினத்தின் நடுப்பகுதி குண்டில் சிதைந்துபோனதால் அரசாங்கக் கந்தோர்கள் எல்லாம் வாடகை வீடுகளுக்கு மாறியிருந்த காலம் அது. சமூகசேவைப் பகுதி நல்லூர்ப் பக்கம் ஒரு மாடிவீட்டில் இயங்கியது. மார்க்கண்டு சைக்கிள் கரியரில் ஒரு பலகை கட்டி, தங்கையை இருத்தி, காலை வெயிலில் மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தான். கீழே உணவுப் பங்கீட்டுப் பகுதி. சமூகசேவை அலுவலர் சிவசுப்பிரமணியம் மேல்மாடியில் இருந்தார்.

"தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு மேலை போங்கோ" என்றான் பியோன். சொல்லும்போது அவன் முகத்தில் அனுதாபம்கூட இருந்தது.

மார்க்கண்டு குனிந்தான். ஞானாம்பிகை அவன் கையைத் தட்டிவிட்டாள்.

"நான் மேலை வரேல்லை."

"ஞானம், சும்மா இரு. இவ்வளவு தூரம் வந்திட்டு..."

"அண்ணை, என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது எண்டுதான் வண்டி கேக்க வந்தனான். தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னாலை வைச்சால், நான் என்னத்தைக் கேக்கிறது?"

பியோன் மேலே போய்ச் சொல்லிவிட்டு இறங்கி வந்தான். "அலுவலருக்கு முன்னிலையிலை தோன்றவேணும் எண்டு கொழும்பாலை வந்த சுற்றுநிருபத்திலை இருக்காம். ஐயா சொல்லுறார்."

"அவர் கீழை வந்தால் நான் அவருக்கு முன்னிலையிலைதானே இருப்பன்."

பியோன் மறுபடி ஏறிப்போனான். இந்த முறை அவன் திரும்பி வரவில்லை.

படிக்கட்டில் பாதிவழியில் ஒரு மனிதர் இரண்டு ஊன்றுகோலையும் ஒரே கையில் பிடித்து, மறுகையால் கம்பியை இழுத்து இழுத்து ஏறிக்கொண்டிருந்தார். குருநகர் சூசைதாசன். கரையில் வலை இழுத்துக்கொண்டு நின்றபோது விழுந்த ஷெல் அவருடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே கொண்டுபோயிருந்தது. கீழே நடந்த பேச்சைக் கேட்டு நின்றார். பிறகு அத்தனை பாடுபட்டு ஏறிய படிகளில் ஒவ்வொன்றாக இருந்து இருந்து இறங்கி வந்தார்.

"ஏன் அண்ணை இறங்கினனீங்கள்?"

"ஏறிப்போடுவன் தங்கச்சி. இறங்கேக்கைதான் செத்துப் பிழைக்கிறது" என்றார். "நீ சொல்லுறதும் சரிதான். நானும் இதிலை இருக்கிறன்."

அவள் கையூன்றி நகர்ந்து படிக்கட்டின் முதற்படியில் ஏறி இருந்தாள். அவர் அதற்கு மேற்படியில் இருந்தார். வெயில் ஏற ஏற வேறு சிலரும் வந்தார்கள். கண் தெரியாத யாகோப்பு என்ற முதியவரை மகள் கூட்டிவந்தாள். அவரால் ஏற முடியும். ஆனாலும் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் ஒரு படி விடுங்கோ" என்று தடவிப் பார்த்து இருந்துகொண்டார். மார்க்கண்டு கூச்சத்தில் சைக்கிளைத் துடைக்கத் தொடங்கினான். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தான்.

மத்தியானம் சிவசுப்பிரமணியம் சாப்பிடப் போகவேண்டி இருந்தது. குடையோடு மாடிப்படியில் இறங்கி வந்தவர் பாதியில் நின்றார். கீழே படி முழுக்க ஆட்கள். தாண்டிப் போவதென்றால் ஒரு பெண்ணின் தலைக்கு மேலால் காலைத் தூக்கி வைக்கவேண்டும்.

"வழி விடும் பிள்ளை."

"ஐயா, இப்ப நான் உங்களுக்கு முன்னாலைதான் இருக்கிறன். கேக்கிறதைக் கேளுங்கோ" என்றாள் ஞானாம்பிகை.

அவர் பொல்லாத மனிதர் இல்லை. ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருக்க, ஒரு பிழையும் விடாமல் போய்விடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர். ஆத்திரம் வந்தது, அடக்கினார்.

"வண்டி கிடைச்சால் நீர் எங்கை போகப் போறீர்?"

"அது என்ரை சோலி ஐயா. சைக்கிள் வாங்கிற ஆம்பிளையளை எங்கை போகப்போறாய் எண்டு ஆரும் கேக்கிறதில்லையே."

"நான் கேக்கேல்லைப் பிள்ளை. சுற்றுநிருபம் கேக்குது. உழைக்கிற ஆக்களுக்குத்தான் முதலிடம் எண்டு எழுதியிருக்கு."

"பதினைஞ்சு வரியமாய்த் தைக்கிறன். இந்தக் கையைப் பாருங்கோ."

அவர் பார்த்தார். பிறகு பியோனைக் கூப்பிட்டுக் கோப்புகளைக் கீழே கொண்டுவரச் சொன்னார். படியில் நின்றபடியே, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒவ்வொருவரையும் விசாரித்து எழுதினார். அன்று அவருக்குச் சாப்பாடு பிந்திவிட்டது. அடுத்த கிழமை தொடக்கம் போர்ட்டிக்கோவில் ஒரு மேசையும் கதிரையும் போட்டு, ஏறமுடியாதவர்களை அங்கேயே பார்க்கத் தொடங்கினார். எந்தச் சுற்றுநிருபமும் அப்படிச் செய் என்று சொல்லவில்லை.

வண்டிகள் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியது. சண்டையால் தரைப்பாதை மூடியிருந்தது. அரசாங்கச் சாமான் எல்லாம் கப்பலில் பருத்தித்துறைக்குத்தான் வரும். ஒருநாள் சிவசுப்பிரமணியமே சைக்கிளில் சங்குவேலிக்கு வந்து, வேலிப் படலையில் மணியடித்தார். குணலட்சுமி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சொல்ல வந்ததை நேரே சொல்லாமல் தையல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்திட்டுதோ ஐயா?"

"வந்திட்டுது. ஆனா ரயரும் ரியூப்பும் இல்லை."

"விளங்கேல்லை."

"இஞ்சாலை கொண்டுவரத் தடைசெய்த சாமானெண்டு சொல்லிக் கப்பலிலை ஏத்திறதுக்கு முதலே கழட்டிப் போட்டாங்கள். வெறும் றிம்மோடை வந்திருக்கு. பாவிக்கத் தக்க நிலையிலை இருந்தால்தான் குடுக்கலாம் எண்டு விதி. இதைப் பாவிக்கத் தக்கதெண்டு நான் எப்பிடி எழுதிறது? கொழும்புக்குத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கட்டளை வந்திருக்கு."

ஞானாம்பிகை மெஷினின் கைப்பிடியை விட்டாள்.

"வண்டி தந்ததும் அரசாங்கம், ரயரைக் கழட்டினதும் அரசாங்கம். என்ன ஐயா?"

"ஓம்."

"இரண்டு பேரும் ஒருத்தரோடை ஒருத்தர் கதைக்கிறதில்லையோ?"

அவர் எழுந்து, சைக்கிளை எடுக்கப் போனவர் திரும்பி, கப்பல் எப்போது திரும்பிப் போகிறது என்பதையும், வண்டிகள் பருத்தித்துறையில் எந்தக் களஞ்சியத்தில் கிடக்கின்றன என்பதையும் அவள் கேட்காமலே சொல்லிவிட்டுப் போனார்.

மார்க்கண்டுவின் கூட்டாளி ஒருவனிடம் மண்ணெண்ணெயில் ஓடுகிற லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருந்தது. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வைத்திருந்த எண்ணெயை மார்க்கண்டு அதற்கு ஊற்றினான். பின்னால் பூட்டிய பெட்டியில் வைக்கோல் போட்டு, ஞானாம்பிகையும், சூசைதாசனும், வண்டிக்கு எழுதிக் கொடுத்திருந்த மற்றவர்களும் ஏறினார்கள். வண்டி தேவையில்லாத யாகோப்பும் வந்தார். "ஒரு சனம் கூட இருக்கட்டும்" என்றார். மகள் சிரித்தாள்.

பருத்தித்துறைக் களஞ்சியக்காரர் அவர்களைக் கண்டதும் கதவை மறித்தார்.

"இது திருப்பி அனுப்பிற சாமான். தரேலாது."

"தரச்சொல்லி இப்ப ஆர் கேட்டது?" என்றாள் ஞானாம்பிகை. "எங்களுக்கெண்டு வந்த வண்டியை ஒருக்காக் கண்ணாலை பாக்கக் கூடாதோ?"

பார்ப்பதற்கு விதி எதுவும் தடை சொல்லவில்லை. அவர் விலகினார். வண்டிகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. நீலப் பெயின்ற் புதுமணத்தோடு இருந்தது. இழுத்து வரிசையாக நிறுத்தினார்கள். ஞானாம்பிகை நிலத்தில் கையூன்றி, ஆசனத்தின் விளிம்பைப் பற்றி, தன்னைத்தானே இழுத்து ஏறி இருந்துகொண்டாள். பக்கத்து வண்டியில் சூசைதாசன் ஏறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏறினார்கள்.

"பாத்தாச்சுத்தானே, இறங்குங்கோ" என்றார் களஞ்சியக்காரர்.

"இறங்கேல்லை. திருப்பி அனுப்பிறதெண்டால் எங்களையும் சேர்த்துக் கப்பலிலை ஏத்துங்கோ. கொழும்பிலை போய் எங்கடை ரயரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வாறம்."

களஞ்சியக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டு ஆளனுப்பினார். எவ்வளவோ நேரம் கழித்துச் சிவசுப்பிரமணியம் வியர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். அந்தச் செய்தியை அவர் எதிர்பார்த்திருந்தாரோ என்னவோ, கையில் கோப்பு இருந்தது. எல்லாரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு ஞானாம்பிகைக்கு முன்னால் வந்து நின்று, பள்ளிக்கூடத்துக் கேள்வி கேட்பதுபோலக் கேட்டார்.

"இந்த வண்டி பாவிக்கத் தக்க நிலையிலை இருக்கோ?"

அவளுக்கு விளங்கிவிட்டது. கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றி முன்னே தள்ளிச் சுற்றினாள். வெறும் றிம் சீமெந்துத் தரையில் உராய்ந்து பல்லைக் கூசவைக்கும் சத்தம் எழுந்தது. வண்டி அசைந்தது. மறுபடி சுற்றினாள். களஞ்சியத்தின் இந்தக் கோடியிலிருந்து வாசல்வரை போய், திருப்பமுடியாமல் திருப்பி, மறுபடியும் அவருக்கு முன்னால் வந்து நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. கழுத்து நரம்பு துடித்தது.

"பாருங்கோ ஐயா. பாவிக்கிறன்."

சிவசுப்பிரமணியம் கோப்பைத் திறந்து, களஞ்சியக்காரரின் மேசையில் வைத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்து வைத்தார். அதற்காகக் கொழும்பிலிருந்து அவரிடம் விளக்கம் கேட்டார்கள். ஓய்வுபெறும்வரைக்கும் அந்த விவகாரம் அவரை விட்டுப் போகவில்லை. அதைப்பற்றி ஞானாம்பிகையிடம் அவர் ஒருநாளும் மூச்சுவிடவில்லை. பியோன் சொல்லித்தான் பிறகு அவளுக்குத் தெரியவந்தது.

ரயருக்கு வழி தேடினார்கள். மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருந்த தம்பிராசா, தேய்ந்து கழித்த ரயர்கள் இருக்கின்றன, உள்ளே போட ரியூப்தான் இல்லை என்றார். சூசைதாசன் குருநகரிலிருந்து பழைய வலைக்கயிறு மூட்டையாகக் கட்டி அனுப்பினார். கயிற்றை முறுக்கி ரயருக்குள் திணித்து, கம்பியால் கட்டினார்கள். வண்டி பாரமாகத்தான் ஓடியது. பள்ளத்தில் விழுந்தால் முள்ளந்தண்டு குலுங்கும். ஆனால் காற்றுப் போகாது.

முதல்நாள் பின்னேரம் ஞானாம்பிகை நூல் வாங்கப் போகிறேன் என்று தனியே படலையைத் தாண்டினாள். மானிப்பாய்ச் சந்திவரை போனாள். நூல் வாங்கினாள். வீட்டுக்குத் திரும்புகிற குறுகலான ஒழுங்கையைக் கண்டும் அதில் திரும்பாமல் நேரே போனாள். புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவில் கொஞ்சநேரம் நிறுத்தி வைத்துக்கொண்டு இருந்தாள். ஒருவரும் அவளை இறக்கிவிடாத ஓர் இடத்தில் அவள் இருப்பது அதுதான் முதல்முறை. பொழுதுபடத் திரும்பி வந்தபோது மார்க்கண்டு படலையில் நின்றான்.

"எங்கை போனனீ இவ்வளவு நேரம்?"

"சும்மா" என்றாள்.

அவன் படலையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

அதன்பிறகு அவளுக்குப் பகையும் நட்பும் கூடிப்போயின. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் படி உயரமாக இருந்தது என்று வண்டியை வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினாள். பங்கீட்டுக்கு நின்ற சனம் திட்டியது. மறுகிழமை மனேச்சர், சீமெந்து கிடைக்காததால், சரிவாக மண் நிரவிப் பலகை போட்டார். திட்டிய சனமே அதன்மேல் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், சங்குவேலியும் சேர்ந்த வலிகாமப் பகுதியை விட்டு எல்லாரும் வெளியேறவேண்டும் என்று ஒலிபெருக்கி கட்டிய வாகனம் சொல்லிக்கொண்டு போனது. இராணுவம் முன்னேறி வர, ஷெல் சத்தம் கிட்டிக்கொண்டிருந்தது. மழை. குணலட்சுமி பிள்ளைகளின் உடுப்பை மூட்டை கட்டினாள். மார்க்கண்டு சைக்கிள் கரியரில் பலகை கட்டத் தொடங்கினான்.

"அதை ஆருக்குக் கட்டிறியள் அண்ணை?"

"உனக்குத்தான். இந்தச் சனத்துக்கை உன்ரை வண்டி போகாது ஞானம். விட்டிட்டு வா. உயிர் இருந்தால் வேறை வாங்கலாம்."

"ஆர் தருவினம்? ரயரில்லாமல் அனுப்பினவையோ? பலகையிலை அரிசியைக் கட்டுங்கோ. நான் இதிலைதான் வாறன்."

தையல் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். செம்மணி வெளியில் ஏறியபோது தெருவே தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. ஒரு அடி போக ஒரு யுகம் பிடித்தது. நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்டவாக, சனத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு நின்ற இளைஞர் இருவர் அவளை மறித்தார்கள்.

"அக்கா, வண்டி இடத்தை அடைக்குது. உங்களை நாங்கள் தூக்கிக்கொண்டு போய் அங்காலை விடுறம். வண்டியைத் தண்ணிக்கை தள்ளிவிடுவம்."

மழைத்தண்ணீர் முகத்தில் வழிய அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"தம்பி, நீங்கள் நிக்கிறதுக்கு இரண்டு கால் வேணும். அதைக் கழட்டி எறியச் சொல்லி நான் கேட்டனானோ? இது என்ரை கால். விலகுங்கோ."

அவர்கள் தயங்கினார்கள். அதற்குள் பின்னால் சனம் நெருக்கியது. நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி தள்ளுப்படாமல் இருக்க வண்டியின் பின்கம்பியைப் பற்றிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி பற்றினாள். குணலட்சுமியின் பிள்ளைகள் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். இளைஞரில் ஒருவன் மற்றவனைப் பார்த்தான். பிறகு இருவரும் முன்னால் திரும்பி, "வண்டி வருது, கொஞ்சம் வழி விடுங்கோ" என்று கத்தினார்கள். ஞானாம்பிகை சுற்றினாள். உள்ளங்கை வெடித்து இரத்தம் கசிந்தது. பாலம் தாண்டும்வரை அவள் நிறுத்தவில்லை.

சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. ஒரு வகுப்பறையில் ஆறேழு குடும்பம். முற்றத்தில் சேறு. சனத்துக்குப் போதுமான மலகூடம் இல்லாமல் எல்லாரும் அவதிப்பட்டார்கள். முகாமுக்குப் பொறுப்பாக நின்ற அருளம்பலம் என்பவர் வேலியோரம் புதிதாக நாலு கட்டுவதற்கு ஒழுங்கு செய்தார். ஞானாம்பிகை வண்டியில் அவரிடம் போனாள்.

"நாலிலை ஒண்டுக்குப் படி வைக்காதேங்கோ. வாசலை அகலமாய் விடுங்கோ. உள்ளுக்கை பிடிக்க ஒரு தடியும், இருக்க ஒரு பலகையும் வேணும்."

"பிள்ளை, சனம் படுகிற இந்த அவதிக்கை உதுவும் வேணுமோ?"

"அவதிக்கைதான் வேணும். என்ரை வீட்டிலை எனக்கு ஏத்தமாதிரி ஒண்டு இருந்தது. அங்கை இருக்கேக்கை உங்களிட்டை வந்து நான் கேக்கேல்லையே."

அவர் சலித்துக்கொண்டார். ஆனால் கட்டுகிறவர்களிடம் சொன்னார். தென்னங்குற்றியில் பிடியும், உடைந்த வகுப்பறை வாங்கின் பலகையில் ஆசனமும் வைத்து ஒன்று முடிந்தது. மாதம் முடிவதற்குள் அதற்கு முன்னால்தான் நீண்ட வரிசை நின்றது. வயதானவர்கள், பிள்ளைத்தாய்ச்சிகள், ஷெல்லில் காயப்பட்டுக் கட்டுப் போட்டவர்கள், முழங்கால் உளைவுக்காரர் எல்லாரும் அங்கேதான் வந்தார்கள். ஒருநாள் விடிய ஞானாம்பிகை வண்டியோடு போனபோது அவளுக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தரும் விலகவில்லை.

"நான் சண்டைபிடிச்சுக் கட்டினது. எனக்கே இடமில்லை" என்று ஏசிக்கொண்டே வரிசையின் கடைசியில் நின்றாள்.

முறை வந்து, போய்த் திரும்பியதும், கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, இரண்டாவது ஒன்று கட்டச் சொல்லி அருளம்பலத்தைத் தேடி வண்டியைத் திருப்பினாள்.